பல் மருத்துவமனை ‘பல மருத்துவமனை’ ஆகிவிட்டது: சுவரில் மாட்டிய எழுத்து ஏன் விழுகிறது?

2024 ஆகஸ்ட் 11 | கேள்வி

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வாடகைக் கட்டடத்தில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறேன். முகப்பில் ஸ்டீல் எழுத்துகள், ஒன்றரை அடி உயரம், உள்ளே லைட் கிடையாது. மாட்டி 14 மாதம் ஆகிறது. போன வாரம் ‘ல்’ மேலிருந்த புள்ளி விழுந்துவிட்டது. இப்போது ‘பல மருத்துவமனை’ என்று நிற்கிறது. வருகிறவர்கள் “மற்ற கிளையெல்லாம் எங்கே டாக்டர்?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். விழுந்த புள்ளியைத் தேடினோம், கிடைக்கவில்லை. மாட்டிக்கொடுத்தவர் போனை எடுப்பதில்லை. புதிதாக ஒரு புள்ளி செய்து நானே ஒட்டிவிடலாமா? எதை வைத்து ஒட்டுவது? மற்ற எழுத்துகளும் விழுமா?

ஆகஸ்ட் 11, இரவு | பதில்

நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்கி ஒட்டுங்கள், நிற்கும். திறந்தவுடன் வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் சிமெண்டோடும் சேராது, சில உலோகங்களையும் அரிக்கும். மற்ற எழுத்துகளை ஏணி வைத்து ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 12

நேற்று எழுதியது தூக்கக் கலக்கத்தில் எழுதிய பதில். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எதை வைத்து ஒட்டுவது என்பதற்கு முன்னால், விழுந்தபோது எது விட்டது என்று பார்க்க வேண்டும். புள்ளி கையில் இல்லாவிட்டாலும் சுவர் இருக்கிறதே. புள்ளி இருந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே சிலிகான் வட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றால், தகட்டுப் பக்கம் பிடிப்பு விட்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டியிருப்பார்கள். பெயிண்ட் வட்டமாக உரிந்து உள்ளே வெள்ளையாகப் பட்டியோ (பெயிண்டுக்கு முன்னால் சுவரை வழவழப்பாக்கத் தடவுவது) சாம்பல் நிறச் சிமெண்டுப் பூச்சோ தெரிந்தால் கதை வேறு. பசை விடவில்லை, சுவர்தான் விட்டது. இந்த இரண்டாவது வகையில் உலகத்திலேயே விலை உயர்ந்த பசையைக் கொண்டுவந்து ஒட்டினாலும் அடுத்த வெயிலுக்கு இன்னொரு வட்டம் உரியும். பசை பிடித்திருப்பது பெயிண்டை. பெயிண்ட் பிடித்திருப்பது பட்டியை. பட்டி பிடித்திருப்பது பூச்சை. இந்தச் சங்கிலியில் பட்டிதான் நோஞ்சான்.

பார்த்துவிட்டு எழுதுங்கள் டாக்டர். அதுவரை அந்த எழுத்துகளுக்குக் கீழே நோயாளிகள் செருப்பு விடும் இடம் இருந்தால் மாற்றிவிடுங்கள். பல்லுக்கு வந்தவர் தலைக்கும் சேர்த்துப் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.

ஆகஸ்ட் 15

லீவு நாள், கொஞ்சம் நீட்டி எழுதலாம்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கடலூரில் 20 வருடத்துக்கு மேலாகப் போர்டு வேலை செய்கிறேன். அப்பா பிரஷ் பிடித்தவர், நான் டிரில் பிடித்தேன். பழுது பார்க்க வரச் சொல்லி எனக்கு வருகிற போன்களில் பாதி புள்ளிக்காகத்தான். ஆங்கிலப் பெயரில் ஏதாவது விழ வேண்டுமென்றால் சின்ன ‘ஐ’, சின்ன ‘ஜே’ இரண்டின் தலைப் புள்ளிகள் மட்டும்தான், அதையும் எல்லோரும் பெரிய எழுத்திலேயே வெட்டிவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. நம் எழுத்துக்கு அப்படித் தப்பிக்க வழி கிடையாது. ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்று ஒரு கடைக்குப் பெயர் மாட்டினால் நாலு புள்ளி.

‘பல் மருத்துவமனை’யை எண்ணிப் பாருங்கள். 9 எழுத்து. விலையும் 9 எழுத்துக்குத்தான் பேசியிருப்பார்கள். ஆனால் சுவரில் ஏறுவது 12 துண்டு. ‘ல்’, ‘த்’ இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி, கடைசி ‘னை’யில் முன்னால் நிற்கும் கொம்பு தனி, ‘ன’ தனி. கூலி பேசாத அந்த மூன்று துண்டுகளில்தான் கைவேலை குறையும். பெரிய துண்டுக்குப் பின்னால் மூன்று நாலு ஸ்டட், அதாவது சுவருக்குள் போகிற மரை போட்ட கம்பி, வைப்பார்கள். 3 அங்குலப் புள்ளி கிண்ணம் போல இருக்கும்; அதற்குள் ஸ்டட் வைத்து வெல்டிங் அடிக்கச் சோம்பல்பட்டு, இரட்டைப் பக்க டேப்பும் ஒரு சொட்டு சிலிகானும் வைத்து அப்பிவிடுவார்கள். மாட்டுகிற அன்று எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று இருக்கும். வித்தியாசம் தெரிய ஒரு கோடை போதும்.

இன்னொன்று. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ‘னை’ யானைத் துதிக்கை போல ஒரு வளைவு வைத்து ஒரே உருவமாக இருந்தது. அந்த வடிவத்தில் வெட்டியிருந்தால் உங்களுக்கு ஒரு துண்டு மிச்சம். தட்டச்சுக்கும் அச்சுக்கும் வசதியான மாற்றம், ஏணியில் நிற்கிறவனுக்கு ஒரு துளை அதிகம்.

ஆகஸ்ட் 16

“புள்ளிக்கு ஒரு ஸ்டட் வைத்தால் சுற்றிக்கொண்டே இருக்குமே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுற்றட்டும், வட்டம் சுற்றினால் யாருக்குத் தெரியும். ஆனால் சுற்றிச் சுற்றி நட் கழன்றுவிடும், அதனால் இரண்டு வையுங்கள்.

ஆகஸ்ட் 19

மற்ற எழுத்துகள் விழுமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. மணிக்கு 140 கி.மீ. வரை காற்று. மறுநாள் தெருவில் நடந்தால் மரம், தகரம், ஓடு, போர்டு எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு துணிக்கடை முகப்பில் எட்டு எழுத்து இருந்தது, ஐந்து போய்விட்டது. அது நான் மாட்டியதல்ல, ஆனால் மாட்டியிருந்தால் நானும் அப்படித்தான் மாட்டியிருப்பேன் என்பதால் போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு ஸ்க்ரூகூட உடையவில்லை. ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் சொருகும் பிளாஸ்டிக் பிளக் ஒன்றுகூட உருவிக்கொண்டு வரவில்லை. பிளக்கோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பூச்சு பெயர்ந்து வந்திருந்தது. ஒன்றரை அங்குல ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். எழுத்தின் பின்பக்க இடைவெளிக்குக் கால் அங்குலம், பூச்சுக்கு முக்கால் அங்குலம் போனால் செங்கல்லுக்குள் போனது அரை அங்குலம். அந்தக் கடை எழுத்தைத் தாங்கியது கொத்தனார் பூசிய மேல்பூச்சு. செங்கல்லுக்கும் எழுத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

அதுவரை நான் எடையைத்தான் கணக்குப் பார்ப்பேன். “எழுத்து ரெண்டு கிலோகூட வராது, நாலு ஸ்க்ரூ தாராளம்” என்று சொல்லிய வாய் இது. அதற்கப்புறம் ஒரு கட்டடப் பொறியாளர் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி என்று காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி இருக்கிறது. அதில் ஊருக்கு ஊர் அடிப்படைக் காற்று வேகம் கொடுத்திருக்கிறார்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் விநாடிக்கு 50 மீட்டர். திருச்சிக்கு 47. மதுரைக்கும் கோவைக்கும் 39. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். 50-க்கு 1500. நம் பாஷையில் சொன்னால் சதுர அடிக்கு சுமார் 14 கிலோ. உயரம், சுற்றுப்புறம் பார்த்து இதைக் கூட்டிக் குறைக்கும் எண்கள் தனியாக இருக்கின்றன, நம் வேலைக்கு இந்த அளவு போதும்.

உங்கள் ஒன்றரை அடி எழுத்து ஒன்றில் தகடு மட்டும் சுமார் 1.3 சதுர அடி இருக்கும். 18 கிலோ. இரண்டு கிலோ பொருளைப் பதினெட்டு கிலோ இழுவைக்கு மாட்ட வேண்டும். அதுவும் கீழ்நோக்கி அல்ல, வெளியே பிடுங்குகிற இழுவை. காற்று தள்ளுவதைவிட உறிஞ்சுவதுதான் போர்டுக்கு எமன். கட்டட மூலையில் அந்த உறிஞ்சல் நடுச்சுவரைவிட அதிகம். துணிக்கடையிலும் மூலைப் பக்க எழுத்துகள்தான் போயிருந்தன, நடுவில் இருந்த மூன்று தப்பித்தன.

ஆகஸ்ட் 20

நேற்றைய கணக்கை வைத்து என்னையே நான் திருத்த வேண்டியிருக்கிறது. 3 அங்குலப் புள்ளிக்கு அதே கணக்கைப் போட்டேன். 700 கிராம். புயல் அடித்தாலும் முக்கால் கிலோ தாண்டாது. ஆகவே உங்கள் புள்ளியைக் காற்று பிடுங்கவில்லை. ஆகஸ்டில் அங்கே புயலும் இல்லை. மேற்கு வெயிலில் தகடு கை வைக்க முடியாதபடி சுடும், ராத்திரி கடல் காற்றில் குளிரும், தினமும் ஒரு மயிரிழை விரிந்து சுருங்கும். 14 மாதம் அப்படி ஆட்டியதில் பட்டி தளர்ந்திருக்கும். முதல் நாள் நான் சொன்ன ‘நியூட்ரல் சிலிகான்’ தப்பான மருந்து இல்லை; ஆனால் நோய் அது இல்லை என்று தோன்றுகிறது.

ஆனாலும் 700 கிராம்தானே என்று விடக் கூடாது. 12 அடி உயரத்திலிருந்து விழுவது எதுவானாலும் தரையைத் தொடும்போது மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இருக்கும். விளிம்போ கூரான தகடு.

செப்டம்பர் 1

டாக்டர் எழுதியிருக்கிறார்: புள்ளி இருந்த இடத்தில் வெள்ளை வட்டம். பட்டிதான். ‘ம’வுக்குக் கீழே சுவரில் பழுப்பாக இரண்டு கோடு இறங்கியிருக்கிறதாம். ‘து’வைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. எழுத்துகளைச் சுற்றித் தட்டிப் பார்த்தால் சில இடங்களில் டொக் டொக் என்று உள்ளே காலியாக இருக்கும் சத்தம். கடையில் 304 ரக ஸ்டீல் என்று சொல்லித்தான் விற்றார்கள், காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை என்கிறார்.

காந்தப் பரிசோதனையை முதலில் தூக்கிப் போடுங்கள். 202 என்று விலை குறைந்த ஸ்டீல் ஒன்று இருக்கிறது, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியது. அதிலும் காந்தம் ஒட்டாது. வேடிக்கை என்னவென்றால் நல்ல 304-ஐ மடக்கி வளைத்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கும். காந்தத்தை நம்பி நல்லதை வேண்டாம் என்றவர்களையும் பார்த்திருக்கிறேன். இதற்கென்று பாட்டிலில் ஒரு திரவம் விற்கிறார்கள், ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறுவதை வைத்து 202-ஐப் பிரித்துவிடலாம். தகடு வாங்கும் கடையிலேயே வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுப்பார்கள்.

மரக்காணம் என்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். அங்கே 304-கூட டீ சிந்தின மாதிரி பழுப்புத் திட்டு பிடிக்கும். மாலிப்டினம் சேர்த்த 316 தாக்குப்பிடிக்கும், விலையும் கூட. எழுத்து முழுவதும் 316 வாங்கச் சொன்னால் வீட்டில் திட்டு விழும், சரி. ஆனால் சுவருக்குள் போகிற ஸ்டட், நட், வாஷர் மட்டுமாவது 316-இல் வாங்குங்கள். துணியால் துடைக்க முடிகிற இடத்தில் கறை வந்தால் துடைத்துக்கொள்ளலாம். கை போகாத இடத்தில் வரக் கூடாது.

அந்தப் பழுப்புக் கோடு எழுத்திலிருந்து வரவில்லை என்று பந்தயம் கட்டுகிறேன். சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். ஸ்டீல் தகட்டோடு இரும்பு ஸ்க்ரூ தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது இரும்பு. தகடு பெரிது, ஸ்க்ரூ சிறிது என்பதால் அரிப்பு மொத்தமும் அந்தச் சின்ன உடம்பின் மேல் விழும். ஸ்க்ரூ தனியாக இருந்தால் பிடிக்கும் துருவைவிடப் பல மடங்கு சீக்கிரம் தின்றுவிடும். சுவரில் எழுத்து அழுகிற மாதிரி கோடு இறங்கினால் அர்த்தம் அதுதான்.

செப்டம்பர் 2

தட்டினால் காலியாகச் சத்தம் வருகிற பூச்சில் எதையும் மாட்டாதீர்கள். பூச்சு செங்கல்லை விட்டு விலகி நிற்கிறது. இதை நேற்றே முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். காந்தத்தைப் பார்த்ததும் கை வேறு பக்கம் போய்விட்டது.

செப்டம்பர் 8

“கெமிக்கல் ஆங்கர் போட்டால் எதுவும் நிற்கும்” என்று இரண்டு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். உண்மை, ஆனால் பாதி உண்மை.

துளைக்குள் ரெசினை, அதாவது கல்லாக இறுகும் பசையை, பிழிந்து ஸ்டட்டைச் சொருகுவது நல்ல முறைதான். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் குறைந்தது 60 மி.மீ. போக வேண்டும். துளையை பிரஷ் விட்டுத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூசு இருந்தால் ரெசின் தூசைத்தான் பிடிக்கும், ஸ்டட் முழுசாக உருவிக்கொண்டு வரும், மாவில் புரட்டிய முறுக்கு மாதிரி. வாயால் ஊதுகிறவர்களுக்கு: கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு நடந்திருக்கிறது. ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் சல்லடை மாதிரி ஒரு ஸ்லீவ் சொருகி அதற்குள் பிழிய வேண்டும், இல்லையென்றால் ரெசின் முழுவதும் பிளாக்கின் வயிற்றுக்குள் போய்விடும். அதில் ஹேமர் மோடும் வேண்டாம், உள்தடுப்பு உடைந்துவிடும். சும்மா சுற்றவிட்டே துளை போடுங்கள்.

இனி என் கதை. கெமிக்கல் ஆங்கர் முதன்முதலாக வாங்கிய உற்சாகத்தில், மே மாதம், ஒரு கல்யாண மண்டபத்துக்கு 11 எழுத்து. அசல் அளவில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, 40 துளையும் போட்டு, எல்லாத் துளையிலும் வரிசையாக ரெசினைப் பிழிந்துவிட்டு எழுத்தைக் கையில் எடுத்தேன். டப்பாவில் எழுதியிருந்த நேரம் குளிர்ந்த ஊருக்கானது போல. நம் வெயிலில் நாலைந்து நிமிடத்தில் இறுகிவிடுகிறது. மூன்றாவது எழுத்து பாதி உள்ளே போய் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நுனியை அறுத்து, மீதித் துளைகளை மறுபடி குடைந்து, அன்றைக்கு நான் மண்டபத்திலேயே சாப்பிட்டேன், அந்தச் சாப்பாடும் தொண்டையில் இறங்கவில்லை. இப்போதெல்லாம் ஒரு எழுத்துக்குப் பிழிந்து, மாட்டி, டேப் போட்டு நிறுத்திவிட்டுத்தான் அடுத்தது. ரெசின் போடுவதற்கு முன்னால் எல்லா எழுத்தையும் ஒரு தடவை வெறுமனே சொருகிப் பார்ப்பதும் அன்றைக்குக் கற்றதுதான்.

மாட்டிய மறுநாள் ஏதாவது இரண்டு ஸ்டட்டில் கயிறு கட்டி, பயணப்பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை மாட்டி வெளிப்பக்கமாக இழுங்கள். 30 கிலோ காட்டியும் அசையவில்லையென்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

செப்டம்பர் 9

அக்ரிலிக் எழுத்தா ஸ்டீலா என்று கேட்டவருக்கு: அக்ரிலிக் வெயிலில் ஸ்டீலைப் போல நாலு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் 2 மி.மீ. துளையை இறுக்கமாகப் போட்டால் துளை ஓரத்தில் கீறல் விடும். கொஞ்சம் பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வையுங்கள். ஏசிபி முகப்பு பற்றிக் கேட்டவருக்கு: அது 3, 4 மி.மீ. சாண்ட்விச். மேலும் கீழும் மெல்லிசாக அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். அதை மட்டும் நம்பி ஸ்க்ரூ போட்டால் அப்பளத்தில் ஆணி அடித்த கதை. பின்னால் ஓடும் டியூப் எங்கே என்று கண்டுபிடித்து அதில் பிடிக்க வேண்டும்.

செப்டம்பர் 14

விழாத எழுத்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. பழைய வீடுகள், சத்திரங்கள், டூரிங் கொட்டகையிலிருந்து கட்டடமாக மாறிய தியேட்டர்கள். முகப்பில் பெயரும் வருடமும் சிமெண்டிலேயே புடைத்து நிற்கும். சுவரில் ஆணி அடித்து, கம்பி சுற்றி, அதன்மேல் கலவையை அப்பி, கரண்டியால் எழுத்தாகச் செதுக்குவார்கள். எங்கள் முதுநகர்ப் பக்கம் அப்படி ஒரு வீடு இருக்கிறது. துதிக்கை வைத்த ‘லை’ இன்னும் அப்படியே. தானே புயலில் அந்த வீட்டு ஓடெல்லாம் போனது, எழுத்து போகவில்லை. சுவரும் எழுத்தும் ஒன்றே என்றால் எது எதை விட்டு விழும்? இன்றைக்கு அதைச் செய்ய ஆள் தேடினால் கோபுர வேலை செய்கிற ஸ்தபதி வீட்டுக்குத்தான் போக வேண்டும். கடைப் பெயரை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறவர்களுக்கு அது சரிப்பட்டும் வராது.

அக்டோபர் 6

கட்டட உரிமையாளர் 40 துளைக்குச் சம்மதிக்கவில்லையாம். போன தடவை போட்டதற்கே முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறார் டாக்டர்.

ஒரு வகையில் நல்லது. செப்டம்பர் முழுக்க நான் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி ஸ்டட் என்ற பிடிவாதத்தில் இருந்தேன். பார்க்க அதுதான் அழகு, எழுத்து சுவரிலேயே முளைத்த மாதிரி இருக்கும். ஆனால் பூச்சு பாதி விலகின வாடகைச் சுவரில் அழகு பார்த்து என்ன செய்வது. ரெயில் போடுங்கள். ஒரு அங்குல அலுமினியச் சதுர டியூப் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று, 14 அடி நீளம். டியூப்புக்கு ஐந்து ஆங்கர் போல்ட். மொத்தம் 10 துளை. எழுத்தெல்லாம் டியூப்பில் பிடிக்கும், சுவரைத் தொடாது. ஒன்பது எழுத்துக்கும் சேர்த்துப் புயல் இழுவை 170 கிலோ என்று வைத்தால் போல்ட்டுக்கு 17 கிலோ. ஒரு வேளை உங்கள் முகப்பில் ஷட்டருக்கு மேலே கான்கிரீட் பீம் ஓடினால் அதில் பிடித்துவிடலாம், பூச்சு, செங்கல் என்ற கவலையே வேண்டாம். துளைக்கும்போது வருகிற தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பலாக, வெளுப்பாக வந்து டிரில் முனகினால் பீம். சாம்பல் தூள் சுலபமாகக் கொட்டினால் அது வெறும் பூச்சு, இன்னும் உள்ளே போங்கள்.

அலுமினியமும் ஸ்டீலும் நேராகத் தொடும் இடங்களில் நைலான் வாஷர். காரணம் மேலே சொன்ன பேட்டரிதான், இந்த முறை கரைவது அலுமினியம்.

அக்டோபர் 7

ஆங்கிலப் பெயரை மேலே பெரிதாக வைத்துத் தமிழைக் கீழே சின்னதாக்கிவிட்டால் புள்ளித் தொல்லை குறையுமே என்று ஒருவர் யோசனை சொல்கிறார். கடைப் போர்டில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்று அரசு விகிதம் இருக்கிறது ஐயா. அபராதத்துக்குப் பதில் இரண்டு ஸ்டட் மலிவு.

அக்டோபர் 20

நேற்று நானே மரக்காணம் போய்விட்டேன். எழுதி எழுதிக் கை வலித்தது, டிரில் பிடித்தால் வலிக்காது.

பீம் இருந்தது. சாரம் கட்டும் உயரமில்லை, ஏணி இரண்டு, ஆள் மூன்று. பழைய எழுத்துகளை இறக்கினால் டாக்டரின் ‘து’ ஒரே ஒரு ஸ்க்ரூவில் நின்றுகொண்டிருந்தது. மற்ற இரண்டும் துருவாகி, தலை மட்டும் மிச்சம். எழுத்துகள் 202 என்றுதான் சொட்டுத் திரவம் சொன்னது. புதிதாக வாங்க மனசில்லை என்றார், பாலிஷ் போட்டு அதையே வைத்தோம். டியூப்பில் சின்ன சின்ன எல் கிளிப் அடித்து, அதன்மேல் எழுத்தைக் கவிழ்த்து, பக்கத் தகட்டில் ஸ்க்ரூ. பின்னால் கழற்ற வேண்டுமென்றால் ஸ்க்ரூவை எடுத்து எழுத்தை மட்டும் உருவிக்கொள்ளலாம். ‘ப’, ‘ம’ மாதிரி அடி தட்டையான எழுத்துகள் தண்ணீர்த் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கீழ்த் தகட்டில் 6 மி.மீ. துளை இரண்டு போட்டேன். குளவி மண் வைத்து அடைத்துவிடும், வருடத்துக்கு ஒரு தடவை குச்சியால் குத்திவிடச் சொல்லியிருக்கிறேன்.

புள்ளிக்காக, மேலே இருக்கும் டியூப்பிலிருந்து ஒரு பட்டையை உயர்த்தி, அதில் வட்டமான பிவிசி கட்டை, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து எதிரெதிரே இரண்டு ஸ்க்ரூ. அதற்கும் மேலே மெல்லிய ஸ்டீல் வயர் ஒன்றால் புள்ளியை டியூப்போடு கட்டிவிட்டேன். எல்லாம் விட்டுப்போனாலும் தொங்கும், தலையில் விழாது. “புள்ளிக்கு அரைஞாண் கட்டியாச்சு” என்றார் கூட வந்த பையன். ‘த்’ புள்ளிக்கும் ஒன்று.

ஒரு தப்பும் நடந்தது. ரசமட்டம் வைத்துத் துல்லியமாக டியூப்பை நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் பெயர் கோணலாகத் தெரிந்தது. சன்ஷேடு வலப்பக்கம் ஒரு அங்குலம் சரிந்திருக்கிறது, கண் அதோடுதான் ஒப்பிடுகிறது. மட்டம் சரி, கண்ணுக்குத் தப்பு. கடைசியில் டியூப்பின் வலது முனையை அரை அங்குலம் இறக்கினேன். இப்போது மட்டத்துக்கும் தப்பு, சன்ஷேடுக்கும் தப்பு, பார்க்கிறவனுக்கு நேர். துளை போடுவதற்கு முன் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். கூடுதலாக ஒரு துளை உரிமையாளர் கணக்கில் ஏறியது. 11.

டிசம்பர் 5

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறி நகராமல் உட்கார்ந்துகொண்டது. எங்கள் கடைக்குள் முழங்கால் தண்ணீர், அதனால்தான் எழுத முடியவில்லை. மின்சாரம் வந்தபின் முதல் போன் டாக்டரிடமிருந்து. எல்லா எழுத்தும் இருக்கிறது, இரண்டு புள்ளியும் இருக்கிறது. ‘னை’யின் கொம்பில் பக்க ஸ்க்ரூ ஒன்று தளர்ந்து தகடு கிடுகிடுவென்று சத்தம் போட்டதாம். லாக் நட் போடாதது என் தவறு.

வாழ்த்துச் சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்தப் புயலில் காற்று 90 கி.மீ. தாண்டவில்லை, மழைதான் பேய் மழை. அது விநாடிக்கு 25 மீட்டர். தர விதி சொல்லும் 50-இல் பாதி. வேகம் பாதியானால் இழுவை கால்வாசி. ஆகவே நம் ரெயில் கால் பரீட்சைதான் எழுதியிருக்கிறது.

2025 ஜனவரி 19

பொங்கலுக்கு அந்தப் பக்கம் போனபோது லாக் நட்டும் போட்டுவிட்டு வந்தேன். வேலை முடிந்து எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ மாஸ்டர் மீதிச் சில்லறையை எடுக்க ஒரு கிண்ணத்தில் கை விட்டார். ஸ்டீல், 3 அங்குலம், ஓரத்தில் காய்ந்த சிலிகான், அதில் ஒட்டின வெள்ளைப் பட்டி. ஆகஸ்டில் ரோட்டோரம் கிடந்ததாம், கழுவி வைத்துக்கொண்டாராம். டாக்டர் வாயைத் திறந்தார், நான் காலை மிதித்தேன். டீக்குக் காசு வாங்கவில்லை.